முந்தி வரும் மீன்

ஜப்பானின் வடகோடியில், உசபெட்சு ஆற்றங்கரை ஊரில் தொகாஷி தெய்ஜியைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். தெய்ஜிக்குப் பிடிக்காதவர்கள் அதைவிட நிறையப் பேர். கடல் வலைக்காரர்கள் பேராசை பிடித்தவர்கள், மீனவர் சங்கத்துக்காரர்கள் வாயாலேயே வடை சுடுகிறவர்கள், சப்போரோவிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் பூட்ஸில் சேறு படாதவர்கள், பால்பண்ணைக்காரர்கள் மாட்டோடு மாடாகப் போனவர்கள். மீன்குஞ்சுப் பண்ணைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் மேஸ்திரியாக இருந்த மனிதர் அவர். உலகத்தில் தேறியது என்று அவர் ஒப்புக்கொண்டது ஒன்றைத்தான்: செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஆறேறும் சால்மன் மீனை. அந்த மீனுக்குக் காட்டிய மரியாதையில் பாதியைப் பெண்டாட்டிக்குக் காட்டியிருந்தால், அந்த அம்மாள் ஹகோடாதேயில் இருக்கும் தங்கை வீட்டோடு போயிருக்க மாட்டாள்.

அந்தக் கரையோரத்தில் ஆற்றுக்கு ஆறு ஒரு குஞ்சுப் பண்ணை உண்டு. ஆற்றின் குறுக்கே கம்பித் தடுப்பு போட்டு, ஏறி வரும் மீனைக் கூண்டுக்குள் திருப்பி, சினையை எடுத்துப் பொரிக்கவைத்து, வசந்தத்தில் குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதுதான் வேலை. நாலு வருஷத்தில் அவை பெரிதாகி வீடு திரும்பும். வலைக்காரர்கள் பிடித்துப் பிழைப்பார்கள், தப்பியது மறுபடி கூண்டுக்கு வரும். இதில் வீம்புக்கு என்ன இடம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எந்த ஆற்றின் தடுப்பில் முதல் மீன் விழுகிறது என்பதில் அந்த மேஸ்திரிகளுக்குள் நடந்த போட்டிக்கு முன்னால் குதிரைப் பந்தயம் தோற்றுவிடும். முதல் மீனைச் சிவப்பும் வெள்ளையுமான கயிற்றால் கட்டிக் கோயில் படியில் வைப்பார்கள். பிறகு மேஸ்திரி அதைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு பத்திரிகைக்குப் பல்லைக் காட்டுவார். பல வருஷம் அந்தப் பல் தெய்ஜியின் பல்லாகவே இருந்தது.

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். சீக்கிரம் ஆறேறிய மீனிடம் மட்டுமே சினை எடுப்பார். அதிலும் உருண்டு திரண்டு வெள்ளி மாதிரி மின்னுவதாகப் பொறுக்குவார். முதலில் வந்ததன் பிள்ளைகள் முதலிலேயே வந்தன. அவற்றின் பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் வந்தன. சந்தையிலும் அந்த மீனுக்குத்தான் மவுசு என்பதால் சங்கம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. செப்டம்பர் முடிவதற்குள் பொரிப்புத் தட்டுகள் நிரம்பிவிடும். அக்டோபரிலும் நவம்பரிலும் வருகிற மீன்கள் உடம்பில் திட்டுத் திட்டாகக் கறுத்து, தாடை வளைந்து, வால் தேய்ந்து வரும். அவற்றைத் தெய்ஜி "கந்தல்" என்பார். கந்தலெல்லாம் கட்டையால் மண்டையில் ஓர் அடி வாங்கிக்கொண்டு உரத்துக்கும் நண்டுக் கூண்டுக்கும் போயிற்று.

ஒருமுறை கசுமி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். மீன்களின் துடுப்பில் துளித் துளியாக வெட்டிச் சிறு குப்பிகளில் போட்டுக்கொண்டு போனவள், அடுத்த வருஷம் முடிவோடு வந்து நின்றாள். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஆட்கள் சோயாவில் ஊறிய சினையைச் சுடுசோற்றில் போட்டுத் தின்றுகொண்டிருந்த நேரம்.

"நீங்க தேதியைப் பார்த்துப் பொறுக்கறீங்க மேஸ்திரி," என்றாள். "எப்ப ஆறேறணுங்கறது அதுங்க ரத்தத்துலயே இருக்கு. லேட்டா வர்றதையெல்லாம் தூக்கிப் போட்டா அந்த ரத்தமே அத்துப்போயிடும். நாளைக்கு செப்டம்பர் கடல் சூடாச்சுன்னா, குளிர் வந்தப்புறம் ஏறி வர்றதுக்கு ஒரு மீனு மிச்சம் இருக்காது."

"ஏம்மா, மீனு ரத்தத்துல காலண்டரா மாட்டியிருக்கு? தினமும் தாள் கிழிக்கிற காலண்டரா, மாசத்துக்கு ஒரு படம் போட்டதா?"

ஆட்கள் சிரித்தார்கள். கசுமி சிரிக்கவில்லை. தெய்ஜி தன் கையாள் ஒகுனோ பக்கம் திரும்பினார்.

"ஒகோட்ஸ்க் கடல் சூடாகப்போவுதாம்டா ஒகுனோ! சோப்பும் துண்டும் எடுத்து வை, எல்லாரும் போய்க் குளிச்சுட்டு வருவோம்."

பொறுக்கினால் பிள்ளையும் அப்படியே வரும் என்பதை முப்பது வருஷமாகக் கையால் செய்து காட்டிய மனிதர், அதையே ஒருத்தி வாயால் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். புத்தி என்பது அந்த மனிதருக்கு முழங்கைக்குக் கீழேதான் இருந்தது, மேலே ஏறவில்லை.

தெய்ஜியோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டியவள் பால்பண்ணைக்காரி நுகாதா மித்சுயோ ஒருத்திதான். ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் மேய்ச்சல் நிலத்துக்குள் ஓர் ஓடை ஓடி ஆற்றில் சேர்கிறது. ஓடையின் தலைப்பில் ஊற்று இருப்பதால் பனிக்காலத்திலும் அது உறைவதில்லை. நவம்பர் கடைசியில் தடுப்பைக் கழற்றிய பிறகு வரும் மீன்கள் ஆற்றைக் கடந்து அந்த ஓடைக்குள் ஏறின. அந்தக் கந்தலின் ரத்தம் தன் மீனோடு கலந்துவிடும் என்று தெய்ஜி ஓடை வாயில் வலை கட்டினார். மறுவாரமே மித்சுயோவின் டிராக்டர் அந்த வலையைக் கிழித்துக்கொண்டு பண்ணை வாசலில் வந்து நின்றது.

"உன் வலையில என் கன்னுக்குட்டி மாட்டிக்கிட்டு நாலு காலும் ஆகாசத்தப் பாத்துக் கெடக்கு! மீனு புடிச்சு அலுத்துப்போயி மாடு புடிக்க வந்துட்டியா?"

"அந்தக் கந்தல் மேல ஏறுனா என் ஆத்து மீனோட ஜாதியே கெட்டுப்போவும்."

"மீனுக்கு ஜாதி பாக்கற மூஞ்சியப் பாரு! முதல்ல உன் மூஞ்சியக் கழுவுடா."

மறுவருஷமும் வலை கட்டினார். மறுவருஷமும் டிராக்டர் வந்தது. மித்சுயோ ஏதோ மீன்களைக் காக்க அவதரித்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு மீன் வாடையே ஆகாது. தெய்ஜிக்கு எது வேண்டாமோ அது தன் நிலத்தில் நடக்கவேண்டும், அவ்வளவுதான். கடைசியில் தெய்ஜி, மாட்டுக்காரியோடு எனக்கென்ன பேச்சு என்று சொல்லி வலையைச் சுருட்டிக்கொண்டார்.

கடல் கசுமி சொன்னபடியே சூடானது. தெய்ஜியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. வருஷத்துக்கு வருஷம் செப்டம்பர் மீன் குறைந்தது. சங்கம் முதலில் ரஷ்யக்காரர்களைத் திட்டியது, பிறகு கடல்நாய்களைத் திட்டியது, பிறகு ஒரு பூசாரியைக் கூப்பிட்டுக் கடற்கரையில் மந்திரம் சொல்ல வைத்தது. அதன்பிறகு வந்த செப்டம்பரில், வலைகளில் சால்மனுக்குப் பதில் தெற்குக் கடலின் புரி மீன் குவியல் குவியலாக விழுந்தது. சால்மன்கள் கரைக்கு அப்பால் ஆழத்துக் குளிரில் நின்றுகொண்டன. நேரமாயிற்று என்று அவற்றின் உடம்பு உந்தியது, ஆற்று வாயில் தண்ணீர் வெந்துகொண்டிருந்தது. அடித்துப் பிடித்து ஏறியவையும் கூண்டுக்குள் செவுளைத் திறந்து திறந்து மூடிவிட்டு மல்லாந்தன. எடுத்த சினையில் பெரும்பகுதி வெளுத்துக் குழைந்தது. தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

அக்டோபரில் ஆறு குளிர்ந்தது. ஒரு மீன் ஆசைப்படுவதற்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஏறத்தான் மீன் இல்லை. தெய்ஜி தினமும் தடுப்பின் மேல் நின்று பார்த்தார். ஓடி வந்த இலைகளைத் தவிரக் கூண்டுக்குள் எதுவும் விழவில்லை. அக்டோபரில் வருகிற மீனை அவர்தானே நண்டுக்குப் போட்டுத் தீர்த்திருந்தார்.

சங்கத் தலைவர் இவபுச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். "தட்டு ரொம்பலேன்னா வசந்தத்தோட பண்ணைக்குப் பூட்டு, மேஸ்திரி. மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்களோட போறதுன்னா பரவால்ல. ஒகுனோவும் மத்தவங்களும் இந்த வயசுல எங்க போவாங்க?"

"மீனு வரணுமில்ல தலைவரே."

"அந்த மித்சுயோ ஓடையில டிசம்பர்ல ஏறுதாமே. அதுல எடுங்க."

தெய்ஜியின் முகம் புளித்த மோர் குடித்ததுபோல் ஆயிற்று. ஆனால் அந்தப் பண்ணை பூட்டப்பட்டால் அவர் யார்? பெண்டாட்டி இல்லாத வீட்டில், ஊரில் எல்லோரையும் திட்டி முடித்துவிட்ட ஒரு கிழவன். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முதலில் கசுமிக்குப் போன் செய்தார். அவள் குத்திக்காட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் குத்திக்காட்டவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது.

"கொஞ்சமா எடுங்க மேஸ்திரி, பாதிக்கு மேல தொடாதீங்க," என்றாள். "முக்கியமா பொறுக்காதீங்க. பெருசு, சிறுசு, வடு விழுந்தது, ஒல்லி, எது கையில வருதோ அது. எந்த ரத்தம் சூட்டைத் தாங்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். மித்சுயோ பால் கறக்கும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு? மீனு ஜாதிக்கு நாட்டாமையா? வா வா. பாத்து, சாணியில கால வச்சிடாத."

"ஓடையில கொஞ்சம் சினை எடுக்கணும்."

"என்னது? மாடு கத்துது, காதுல விழல."

மாடு எதுவும் கத்தவில்லை. தெய்ஜி இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் உரக்க. பக்கத்துக் கொட்டகையில் இருந்த மருமகள்கூட எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் கந்தலாச்சேப்பா! கந்தலக் கொண்டுபோயி என்ன பண்ணப் போற? தரை துடைக்கவா?"

"திட்டறதுன்னா ஒரேயடியா திட்டி முடிச்சுடு. மத்தியானத்துக்குள்ள நான் திரும்பணும்."

"அவ்வளவு சீக்கிரத்துல முடியாது, நெறைய இருக்கு." அவள் அடுத்த மாட்டுக்கு நகர்ந்தாள். "அனுமதிக் காகிதம் உன்கிட்ட, வேலிக்கதவு என்கிட்ட. தொறந்து விடறேன். ஆனா நான் நின்னு பாப்பேன்."

"எதுக்கு?"

"நீ கெஞ்சிக்கிட்டு வேலை செய்யறதப் பாக்கத்தான். இந்த ஊர்ல வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?"

டிசம்பரில், நிலமெல்லாம் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், தெய்ஜி ஒகுனோவையும் இன்னும் இரண்டு ஆட்களையும் அழைத்துக்கொண்டு ஓடைக்கு வந்தார். ஊற்றுத் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மீன்கள் இருந்தன. கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தன. பண்ணைக் கூண்டில் வருகிறவை எல்லாம் ஓர் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவை தீபாவளிக் கடைத்தெருவில் வரும் ஜனங்களைப்போல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன: நெட்டை, குட்டை, கறுப்பு, புலிக்கோடு போட்டது, கரடியிடம் முதுகைக் கொடுத்துவிட்டுத் தப்பி வந்தது. ஆட்கள் வலையை இழுத்து, மீன்களை ஒரு சின்னக் கூண்டுக்குள் தள்ளினார்கள். தெய்ஜி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

முதலில் ஒரு நல்ல பெட்டை. அதை வாளிப்பக்கம் தள்ளினார். அடுத்தது முழங்கை நீளம்கூட இல்லாத ஒல்லி ஆண்மீன். அதைத் தோளுக்கு மேலே பின்னால் வீசினார். அடுத்தது பெரியது, வாளிக்கு. அடுத்தது வடு விழுந்தது, கரைக்கு.

"ஏம்ப்பா," என்று வேலிமேல் சாய்ந்துகொண்டு மித்சுயோ கேட்டாள். "அதை ஏன் தூக்கிப் போடற?"

"இது தேறாது."

"அந்தச் சப்போரோப் பொண்ணு பொறுக்காதேன்னு சொல்லிச்சாமே? ஒகுனோ சொன்னான்."

"அவளுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமா பாக்கறேன். எது தேறும், எது தேறாதுன்னு கையில எடுத்தாலே எனக்குத் தெரியும்."

"சரிப்பா. நீ தேறும்னு பொறுக்குனதெல்லாம் இப்ப எங்க? ஒண்ணைக் காட்டு, பாப்போம்."

ஒகுனோ வாளிக்குள் எதையோ தேடுகிறவன்போல் குனிந்துகொண்டான். தெய்ஜிக்குக் காதுமடல் எரிந்தது. வாயைத் திறந்தார், ஒரு வசவும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. சரி, பொறுக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டார். கை கேட்கவில்லை. எடை குறைந்ததை விரல்கள் தாமாகவே நழுவ விட்டன, கனத்ததைக் கெட்டியாகப் பிடித்தன. மறுபடி விட்டார். மறுபடி அதே கதை. கரையில் கிடந்த ஒல்லி மீன் துள்ளித் துள்ளித் தானாகவே தண்ணீருக்குள் போய் விழுந்தது.

"போங்கடா, ஏதாவது சூடா குடிச்சுட்டு வாங்க," என்று ஆட்களை அனுப்பினார். மித்சுயோ அவர்களைக் கொட்டகைக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கக் கூட்டிப் போனாள். தெய்ஜி கரையில் பனிமேல் உட்கார்ந்தார்.

வலைக்கு எட்டாத மேட்டுப்பக்கத்தில் ஒரு பெட்டை மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. பறிக்கும், நிமிர்ந்து ஆழம் பார்க்கும், திருப்தியில்லாமல் மறுபடி பறிக்கும். அதற்குப் பின்னால் இரண்டு பெரிய ஆண்மீன்கள், தெய்ஜி கண்ணை மூடிக்கொண்டு வாளியில் போடுகிற ரகம், ஒன்றையொன்று கடித்துப் பிடித்துப் புரண்டுகொண்டிருந்தன. அந்தச் சண்டை நடக்கும்போதே, கல்லிடுக்கிலிருந்து ஒரு ஒல்லி மீன் மெள்ள வந்து பெட்டையின் விலாவோடு விலாவாக நின்றது. பெட்டை விரட்டவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து உடம்பெல்லாம் நடுங்கின. குழிக்குள் தண்ணீர் பாலாகக் கலங்கியது. பெட்டை உடனே திரும்பிக் கல்லை அடித்துக் குழியை மூடியது. பெரியவர்கள் இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லட்சக்கணக்கான மீனுக்கு வயிற்றைக் கிழித்துக் கிண்ணத்தில் கல்யாணம் செய்து வைத்தவர், ஒரு மீன் தானாகத் துணை தேடிக்கொள்வதை அன்றுவரை பார்த்ததே இல்லை. பார்க்கிற அளவுக்கு எதையும் அவர் உயிரோடு விட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, வயதான மனிதனுக்கு வரக்கூடாத அளவுக்கு வெட்கமாக. பிறகு கோபம் வந்தது. யாரைத் திட்டலாம் என்று வழக்கமான ஆட்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். ஒருவன்கூடப் பொருந்தவில்லை.

ஒகுனோ வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கூண்டின் கதவு தூக்கியிருந்தது, வாளியும் காலியாக இருந்தது. "மேஸ்திரி! மீனெல்லாம் போவுது!"

"தெரியும். நான்தான் தொறந்தேன்."

"என்னய்யா இது? அது நம்ம சோறு! பாதியாவது எடுத்துக்கலாம்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சே!"

"இருக்கறதே கைப்பிடி. அதுல பாதிய யாரு எடுக்கறது? நானா? என் கைதான் இப்படின்னு பாத்தாச்சு. நீ எடுக்கறியா? உனக்குக் கத்துக்கொடுத்ததே நான்தானேடா."

"அப்ப நாங்க எங்க போறது?"

தெய்ஜி வலையைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒகுனோ வாளியை எட்டி உதைத்தான், அது உருண்டு ஓடைக்குள் விழுந்தது.

வேலிப்பக்கம் நின்ற மித்சுயோ, "அப்ப இவ்வளவு நேரம் என் பாலைக் குடிச்சதுக்கு என்ன கணக்கு?" என்று மட்டும் கேட்டாள். பாராட்டு என்பது அவள் வாயில் வராத சொல். ஆனால் அன்றைக்கு அதற்குமேல் அவள் வாயைக் கொடுக்கவில்லை.

சங்கத்தில் கூச்சல் போட்டார்கள். "ஒரு மாட்டுக்காரி பேச்சைக் கேட்டுட்டு ஊரைக் கெடுத்துட்டீங்களே!" என்று இவபுச்சி மேசையைத் தட்டினார். "அவ பேச்சைக் கேக்கல தலைவரே. அந்தப் பெட்டை மீனு என்னைக் கேக்காமலே ஆளைத் தேடிக்கிச்சு, அவ்வளவுதான்," என்றார் தெய்ஜி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பது அன்றோடு ஊர் முடிவாயிற்று. ஆற்றைக் காலி செய்துகொண்டிருந்த முப்பது வருஷமும் அவருக்குச் சால்வை போட்ட ஊர் அது. முதன்முறையாகக் கையை மடக்கிக்கொண்டதும் மளிகைக்கடையில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒகுனோ பேசுவதையே குறைத்துக்கொண்டான், அவனைக் குறை சொல்ல முடியாது.

வசந்தம் வந்தது. பண்ணையைப் பூட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தட்டுகளில் எப்படியோ பிழைத்த சினை பொரித்து, தொட்டியில் சுண்டுவிரல் நீளக் குஞ்சுகளாக நின்றது. எல்லாம் செப்டம்பர் மீனின் பிள்ளைகள், அவர் பொறுக்கிப் பொறுக்கி வார்த்த ரத்தம். இவற்றை வைத்திருக்கவும் முடியாது, அழிக்கவும் மனம் வராது. இவபுச்சி வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கைதட்டினார். நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். தெய்ஜி மதகுப் பலகையைத் தூக்கினார்.

குஞ்சுகள் முதலில் தயங்கின. பிறகு ஆற்றின் இழுப்பைக் கண்டுகொண்டு திரும்பின. நாலு வருஷம் கழித்து இவை என்றைக்கு இந்தக் கரைக்கு வந்து நிற்கும், அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வேறு நாளில் வர இவற்றுக்குத் தெரியாது. தெரியாதபடி ஆக்கியவர் அவர்தான்.

தெய்ஜி மதகோரம் முழங்கால் போட்டுத் தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்தார். "மெள்ள வாங்கடா," என்றார். "ஒண்ணும் அவசரமில்ல. நல்லா குளிர் வரட்டும், அப்புறமா வாங்க."

"யாருகிட்ட பேசறீங்க மேஸ்திரி?" என்று ஒகுனோ கேட்டான்.

குஞ்சுகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளி முந்திக்கொண்டு வெளியே பாய்ந்தன.